ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில்: செனகலின் சேன் லூயி நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரன். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆறு கடலில் சேரும் இடத்தில் சேன் லூயி என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே இரண்டு முறை போய் வந்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஓட்டல், விமான டிக்கெட் பற்றி இதில் அதிகம் இல்லை. ஊரைப் பற்றியும் அங்கே வாழ்கிறவர்களைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறேன்.

சேன் லூயி அமெரிக்காவில் அல்லவா இருக்கிறது?

அது வேறு ஊர். எழுத்து ஒன்றுதான், அங்கே செயின்ட் லூயிஸ் என்கிறார்கள். நான் சொல்வது செனகலின் வடமேற்கு மூலையில், மொரித்தானியா எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். தலைநகர் டக்காரிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 265 கிலோமீட்டர்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். மேற்கிலிருந்து கிழக்காக நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அட்லாண்டிக் கடல். அடுத்து சில நூறு மீட்டர் அகலமே உள்ள நீளமான மணல்திட்டு. அதற்கு லாங் த பார்பரி என்று பெயர். அதைத் தாண்டினால் ஆற்றின் ஒரு சிறு கிளை, ஒரு குட்டிப் பாலம். அப்புறம் தீவு, அதுதான் பழைய நகரம்: இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், அகலம் 400 மீட்டர்கூட வராது. அதைத் தாண்டினால் ஆற்றின் பெரிய கிளை, நீண்ட இரும்புப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலம், சோர் என்கிற பகுதி. பேருந்து நிலையம், சந்தை, பெரும்பாலான வீடுகள் எல்லாம் சோரில்தான். மொத்த மக்கள்தொகை 2 லட்சத்துக்கும் மேல்.

மழைக்காலத்தில் ஆறு கிழக்கிலிருந்து வெள்ளத்தைக் கொண்டுவரும். மேற்கில் கடல் மணலை அரிக்கும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது ஊர்.

உள்ளூர்க்காரர்கள் 'ந்தார்' என்கிறார்களே, அது என்ன?

அதுதான் ஊரின் சொந்தப் பெயர். வோலோஃப் மொழியில் இந்தத் தீவு ந்தார். சேன் லூயி என்பது வந்தவர்கள் வைத்தது. ஆட்டோகாரரிடம் பாண்டிச்சேரி என்றாலும் புதுச்சேரி என்றாலும் புரிகிற மாதிரி, அங்கேயும் இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஊர்ப்பாசத்தோடு பேசும்போது வாயில் வருவது ந்தார்தான். டாக்சியில் ஏறி 'ந்தார்' என்று சொல்லிப் பாருங்கள், ஓட்டுநர் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஊரை உருவாக்கியது யார்?

பிரெஞ்சுக்காரர்கள் 1659இல் இந்தத் தீவில் கோட்டையும் கிடங்கும் கட்டினார்கள். அப்போது பிரான்சை ஆண்டவர் 14ஆம் லூயி. அவரைக் கௌரவிக்க, அவருடைய முன்னோரான புனித லூயியின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். புதுச்சேரியில் அவர்கள் கட்டிய கோட்டைக்கும் லூயி பெயர்தான் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் ஒரே போரில் மாறியது. ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயர் 1758இல் சேன் லூயியைப் பிடித்தார்கள், 1761இல் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையை இடித்துப் போட்டார்கள். சேன் லூயி 1779இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. நெப்போலியன் காலத்தில், 1809இல், மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அந்த இரண்டாவது முறை ஊரைத் திரும்ப வாங்கிக்கொள்ள 1816இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் ஒன்றுதான் மெதூஸ். மொரித்தானியக் கடலோரத்தில் மணல்மேட்டில் ஏறி நின்றுவிட்டது. படகுகளில் இடம் இல்லாத 147 பேரை, அவசரத்தில் கட்டிய ஒரு மரத் தெப்பத்தில் ஏற்றி நடுக்கடலில் விட்டுவிட்டார்கள். 13 நாள் கழித்து உயிரோடு கிடைத்தவர்கள் 15 பேர். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பெரிய சுவர் அளவுக்கு ஜெரிகோ வரைந்த ஓவியம் தொங்குகிறதே, அது இந்தத் தெப்பம்தான்.

புதுச்சேரிக்கும் சேன் லூயிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, இரண்டும் பிரெஞ்சுக் காலனி என்பதால் சொல்கிறீர்களா?

உண்மையிலேயே உண்டு, அதுவும் நூலால் கட்டிய தொடர்பு. நான் அந்த ஊருக்குக் கிளம்பியதே இதனால்தான்.

செனகல் ஆற்றின் வடகரையில் சஹாராவின் விளிம்பில் ஒரு வகை வேலமரம் வளர்கிறது. அதன் பட்டையிலிருந்து வடியும் பிசின் ஐரோப்பாவில் துணியில் அச்சு வேலை செய்கிறவர்களுக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பிசினுக்குப் பெரிய கிராக்கி. பிசினைச் சேகரித்தவர்கள் பாலைவனத்து மூர் மக்கள். த்ரார்ஸா, ப்ராக்னா நாட்டவர்கள். உண்மையில் சேகரித்தது அவர்களுடைய அடிமைகள். கோடைக்காலத்தில் சேன் லூயியிலிருந்து படகுகள் ஆற்றில் மேலே ஏறிப் போய், கரையோரச் சந்தைகளில் பிசினை வாங்கி வரும்.

சரி, பிசினுக்கு என்ன கொடுத்தார்கள்? காசு இல்லை. நீலத் துணி. 'கினே' என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவின் கினி கரைக்குப் போகிற துணி என்பதால் வந்த பெயர். அது நெய்யப்பட்டதும் சாயம் தோய்க்கப்பட்டதும் புதுச்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும். நம் ஆட்கள் அவுரி இலையை ஊற வைத்து, தொட்டியில் நுரைக்க விட்டு, துணியை முக்கி எடுத்துக் காற்றில் உலர்த்தி, மறுபடி முக்கி, கருநீலம் வரும்வரை தோய்த்தார்கள். ஒரு துண்டு சுமார் 15 மீட்டர் நீளம். துணி கப்பலில் பிரான்சுக்குப் போகும், அங்கே பொர்தோ வியாபாரிகள் கைமாற்றி, சேன் லூயிக்கு வரும்.

பிசின் சந்தையில் கினேதான் நாணயம். இத்தனை பிசினுக்கு இத்தனை கினே என்றுதான் விலை பேசுவார்கள். மூர் வியாபாரிகளை ஏமாற்ற முடியாது. துணியை மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார்கள், விரலால் தேய்ப்பார்கள். ரூவான், பெல்ஜியம், இங்கிலாந்து ஆலைகள் மலிவான போலி நெய்து அனுப்பின. ஆனாலும் புதுச்சேரிச் சரக்கின் வாசனையும் தொட்டால் தெரியும் பதமும் வேறு என்று அவர்களுக்குத் தெரியும். உடுத்தினால் நீலம் தோலில் ஒட்டும். அது குறை இல்லை, அதைத்தான் அவர்கள் விரும்பினார்கள்.

1820களின் இறுதியில் புதுச்சேரியில் இயந்திர நூற்பாலை வந்ததற்கு இந்தச் செனகல் சந்தையும் ஒரு காரணம். பிள்ளைகளுக்கு நம் ஊர் ஆலைகளின் வரலாற்றைச் சொல்கிறோம், துணி எங்கே போனது என்று சொல்வதில்லை. முன்பின் தெரியாத ஒரு பாலைவனத்து மனிதர் நம் தறியில் நெய்ததை மோந்து பார்த்து 'இது நல்லது' என்று தலையாட்டினார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அடிமை வியாபாரம் இங்கேயும் நடந்ததா?

நடந்தது. அழகான பால்கனிகளைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடக் கூடாது. உள்நாட்டிலிருந்து ஆற்று வழியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கிருந்து அட்லாண்டிக் தாண்டி ஏற்றப்பட்டார்கள். ஊருக்குள்ளேயே வேலை செய்த அடிமைகளும் ஏராளம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் மக்களில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். படகு ஓட்டியது, கல் சுமந்தது, சமைத்தது, குழந்தை வளர்த்தது எல்லாம் அவர்கள் கை. பிரான்ஸ் 1848இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. பிசின் வியாபாரத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால், நம் நீலத் துணி எதன்மேல் போர்த்தப்பட்டது என்பது தெரியாமலே போய்விடும். கினே கொடுத்து மனிதர்களையும் வாங்கினார்கள்.

சிஞ்ஞார் என்று சொல்லப்படும் பெண்கள் யார்?

போர்ச்சுக்கீசிய மொழியில் சீமாட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இந்தப் பெயர். ஐரோப்பிய வியாபாரிகளோடு 'ஊர் வழக்கப்படி' திருமணம் செய்துகொண்ட ஆப்பிரிக்கப் பெண்களும் அவர்களுடைய கலப்பின மகள்களும்தான் சிஞ்ஞார்கள். கணவன் பிரான்சுக்குத் திரும்பிவிடுவான். வீடு, படகு, வியாபாரம் இவள் பெயரில் நிற்கும். சொந்தமாக அடிமைகளும் வைத்திருந்தார்கள். அதனால் அவர்களை வெறும் வீரப்பெண்களாக வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கெட்டிக்காரிகள், சந்தேகமே இல்லை.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு அவர்கள் போகும்போது முன்னால் விளக்கு ஏந்திப் போவார்களாம். அந்த விளக்கு ஊர்வலம் ஃபனால் என்ற பெயரில் இன்றும் டிசம்பரில் நடக்கிறது. மூங்கிலும் காகிதமுமாகக் கப்பல், வீடு, பள்ளிவாசல் வடிவத்தில் பெரிய விளக்குக் கூடுகள் செய்து, உள்ளே ஒளி ஏற்றி, பாட்டோடும் மத்தளத்தோடும் வலம் வருகிறார்கள். ஊரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கிறிஸ்துமஸ் பூசையில் பிறந்த விழாவை அவர்களே முன்நின்று நடத்துகிறார்கள்.

தலைநகரமாக இருந்ததாமே? பிறகு ஏன் இல்லை?

பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா என்ற கூட்டமைப்பு 1895இல் உருவானபோது சேன் லூயிதான் தலைநகர். 1902இல் அது டக்காருக்குப் போனது. காரணம் எளிது: பெரிய கப்பல்களுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். சேன் லூயியின் முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், கப்பல்கள் நாள்கணக்கில் வெளியே காத்துக் கிடக்கும். 1885இல் டக்காருக்கு ரயில் போட்டதும் சரக்கும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அதன் பிறகும் செனகல் காலனிக்குத் தலைநகராக 1950களின் இறுதிவரை நீடித்தது. மொரித்தானியாவின் நிர்வாகமும் இங்கிருந்தே நடந்தது, ஒரு நாட்டின் தலைநகர் அந்த நாட்டுக்கு வெளியே! நவாக்சோட் என்ற புது ஊரை மணலில் கட்டியபின்தான் அலுவலகங்கள் இடம் மாறின. அரசு வேலை போனதும் ஊர் மெல்ல அடங்கிவிட்டது. பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டப் பணம் இல்லாததால்தான் அவை தப்பின என்று எனக்குத் தோன்றுகிறது. 2000இல் யுனெஸ்கோ தீவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காலனிக் காலத்திலேயே ஓட்டுப் போட்டார்களாமே?

ஆமாம். 1848இல் சேன் லூயியைச் சேர்ந்த கலப்பினத்தவரான துரான் வலாந்தேன் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்பாடு சேன் லூயி, கோரே, ருஃபிஸ்க், டக்கார் ஆகிய நான்கு ஊர்க்காரர்களுக்கு மட்டும் வாக்குரிமை இருந்தது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர் வெறும் ஆளப்படுகிறவர், உரிமை கிடையாது. 1914இல் கோரேயில் பிறந்த பிளேஸ் தியாஞ் பாரிஸுக்குப் போன முதல் கறுப்பின ஆப்பிரிக்க உறுப்பினர் ஆனார். 1916 சட்டம் நான்கு ஊர்க்காரர்களையும் முழுக் குடிமக்கள் என்று உறுதி செய்தது. அதே காலத்தில் ஆயிரக்கணக்கான செனகல் இளைஞர்கள் பிரான்சின் போர்க்குழிகளில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரும்புப் பாலத்தைக் கட்டியது ஈஃபில்தானே?

வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். தன்யூப் நதிக்குச் செய்த பாலம் தவறுதலாக இங்கே வந்து சேர்ந்தது என்றும் ஒரு கதை உண்டு. இரண்டும் சரியில்லை. 1897இல் திறந்த ஃபெதெர்ப் பாலம் இந்த ஆற்றுக்கென்றே திட்டமிட்டது. கட்டியது நூகியே, கெஸ்லர் என்பவர்களின் நிறுவனம். நூகியே முன்பு ஈஃபிலிடம் பொறியாளராக இருந்தவர், கோபுரத்தின் வடிவமைப்பிலும் பங்கெடுத்தவர். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். நீளம் 500 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு பகுதி பக்கவாட்டில் சுழன்று கப்பலுக்கு வழிவிடும். 2011இல் புதுப்பித்து முடித்தார்கள்.

நடந்தே கடந்து பாருங்கள். காலை ஏழரைக்குப் பள்ளிப் பிள்ளைகள், குதிரை வண்டி, தலையில் மீன் தொட்டி வைத்த பெண்கள், மஞ்சள் டாக்சி எல்லாம் ஒரே நேரத்தில் தீவுக்குள் வரும்.

ஃபெதெர்ப் சிலையை எடுத்துவிட்டார்களா?

எடுத்துவிட்டார்கள். லூயி ஃபெதெர்ப் 1854 முதல் 1865 வரை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, இங்கே ஆளுநர். ஊருக்கு முதல் மிதவைப் பாலமும் பள்ளியும் சாலையும் கொண்டுவந்தவர். வாலோ முதலிய ஆற்றோர நாடுகளைப் படை நடத்திப் பிடித்து, கிராமங்களை எரித்தவரும் அவரே. தோற்ற தலைவர்களின் பிள்ளைகளைப் பிடித்துவந்து படிக்க வைத்த பள்ளிக்குப் 'பிணைக்கைதிகள் பள்ளி' என்றே பெயர்.

சிலையின் பீடத்தில் 'தன் ஆளுநருக்கு, நன்றியுள்ள செனகல்' என்று பொறித்திருந்தது. 2017 செப்டம்பரில் காற்றுமழையில் சிலை தானாகவே விழுந்தது. திரும்ப நிறுத்தினார்கள், பலர் எதிர்த்தார்கள், 2020இல் அகற்றினார்கள். சதுக்கத்தின் பெயர் இப்போது பாயா ந்தார். நன்றி சொல்லச் செனகலை யாரும் கேட்கவில்லையே, அந்த வாசகம் போனது நல்லது என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 5 அன்று ஊரில் ஏன் அவ்வளவு கூட்டம்?

முரீத் சூஃபி இயக்கத்தைத் தொடங்கிய ஷேக் அகமது பம்பாவை 1895 செப்டம்பர் 5இல் ஆளுநர் மாளிகையில் விசாரித்து, கபோனுக்கு நாடு கடத்தினார்கள். அவர் ஆயுதம் எடுத்தவர் இல்லை. அவர் பின்னால் திரண்ட கூட்டமே ஆட்சியாளர்களுக்குப் பயமாக இருந்தது. அந்த மாளிகைக்குள்ளேயே அவர் இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று, தொழுதார் என்பது மக்களின் நினைவு. ஆண்டுதோறும் அதே நாளில் நாடு முழுவதிலுமிருந்து வந்து அந்த இடத்தருகே தொழுகிறார்கள்.

மீனவர் பகுதி எப்படி இருக்கும்?

கெத் ந்தார் என்று பெயர். மணல்திட்டின்மேல், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். ஆப்பிரிக்காவிலேயே மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று என்கிறார்கள். சிறு துண்டு மணலில் சுமார் 25,000 பேர். ஒரே அறையில் ஆள் மாற்றி ஆள் தூங்குகிற வீடுகள் உண்டு. தெருவில் செம்மறி ஆடு கட்டியிருக்கும், அதன் பக்கத்தில் பாட்டி கருவாடு காய வைப்பார், அதைத் தாண்டி நாலைந்து பையன்கள் பந்து விளையாடுவார்கள்.

நான் பார்த்த ஒரு காலையைச் சொல்கிறேன். கடல் பக்கம் அலை உடையும் இடத்தில் நீண்ட மரப்படகு ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இருபது மீட்டர் இருக்கும். வெள்ளை அடித்து, மேலே பச்சை, மஞ்சள், சிவப்பில் கோடு போட்டு, தங்கள் குருவின் பெயரை எழுதியிருந்தார்கள். என்ஜின் ஓட்டுகிறவர் கண்ணை அலையிலேயே வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று அலை போக விட்டார். நாலாவது வந்ததும் அதன் முதுகில் ஏற்றிப் படகை மணலில் செருகினார். உடனே மஞ்சள் ரப்பர் கோட்டு போட்ட சுமைக்காரர்கள் இடுப்புத் தண்ணீரில் ஓடினார்கள். தலையில் பிளாஸ்டிக் பெட்டி, பெட்டியில் துள்ளும் சாளை மீன். அங்கே அதற்கு யபோய் என்று பெயர். ஓடும்போது சிதறுகிற மீனைச் சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள், யாரும் திட்டவில்லை. மேலே சாலையில் ஐஸ் லாரிகள் வரிசையாக நின்றன. விலை பேசியது, பணத்தை எண்ணியது எல்லாம் பெண்கள். நல்ல களவா மீன் இப்போது உள்ளூரில் தங்குவதில்லை, நேராக ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது என்று ஒரு அம்மா கையை விரித்துக் காட்டினார்.

தெற்கே மீனவர்களின் கல்லறை. மணல் மேடுகள்மேல் பழைய வலையைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லாத இடம்.

2003இல் கடலுக்கு வாய்க்கால் வெட்டினார்களே, அது என்ன விவகாரம்?

ஊரின் இன்றைய வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைக் கேளுங்கள்.

செனகல் ஆறு ஊரைத் தாண்டியதும் உடனே கடலில் சேராது. மணல்திட்டுக்கு உள்பக்கமாகவே தெற்கே ஓடி, முப்பது கிலோமீட்டர் போல தள்ளித்தான் முகத்துவாரம் இருந்தது. 2003 அக்டோபரில் ஆறு பெருகி ஊருக்குள் வந்துவிடும் நிலை. தண்ணீர் சீக்கிரம் கடலுக்குப் போகட்டும் என்று அதிகாரிகள் ஓர் இரவில் முடிவெடுத்தார்கள். ஊருக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில் மணல்திட்டின் குறுக்கே நாலு மீட்டர் அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள்.

வெள்ளம் வடிந்தது உண்மை. ஊர் காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் மணலில் போட்ட வெட்டு வெட்டிய அளவில் நிற்குமா? சில நாளிலேயே 80 மீட்டரைத் தாண்டியது. அந்த மாத முடிவுக்குள் 200 மீட்டர். சில வருடங்களில் கிலோமீட்டர் கணக்கில் விரிந்தது. அதுவே புது முகத்துவாரம் ஆகிவிட்டது, பழையது மணல் மூடி அடைந்துபோனது.

எதிரில் ஆற்றுக்குள் பத்திரமாக இருந்த தூன் பாபா தியே என்ற கிராமத்துக்கு முன்னால் இருந்த மணல் சுவர் காணாமல் போனது. அட்லாண்டிக் அலை நேராக வீட்டு வாசலில் அடித்தது. பள்ளிக்கூடம், பள்ளிவாசல், வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன, ஊரே காலியானது. காந்தியோல் பக்கத்தில் வெங்காயமும் காய்கறியும் போட்ட தோட்டங்களில் கிணற்று நீர் உப்பானது. தென்னை தலை காய்ந்து வெறும் கம்பமாக நின்றதை நானே பார்த்தேன். மீனவர்களுக்குக் கடல் பக்கமானது, ஆனால் புது வாயில் அடிமணல் தினமும் இடம் மாறுகிறது. நேற்று போன பாதையில் இன்று மேடு இருக்கும், அலை அதில் உடைந்து படகைக் கவிழ்க்கும். நூற்றுக்கணக்கான மீனவர்கள் அந்த வாயைக் கடக்கும்போது இறந்திருக்கிறார்கள்.

வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மணலோடு காலங்காலமாக வாழ்ந்தவர்களைக் கேட்காமல் ஒரே இரவில் வெட்டினார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அணைகளால் பயனா, பாதிப்பா?

இரண்டும். ஊருக்கு 27 கிலோமீட்டர் மேலே தியாமா அணை 1986இல் வந்தது. முன்பெல்லாம் கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் 200 கிலோமீட்டர் வரை ஏறும். அணை அதைத் தடுத்தது, கரையெங்கும் நெல் வயல் வந்தது. ஆனால் உப்பு வராத, ஓட்டம் குறைந்த நீரில் சம்புப் புல் அடர்ந்து வாய்க்கால்களை அடைத்தது. நத்தை பெருகி, அதன் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் மேலே ரிஷார் தோல் பகுதியைப் பிடித்து ஆட்டியது.

கடலோரம் எரிவாயு கிடைத்திருக்கிறதாமே?

ஆமாம், செனகலும் மொரித்தானியாவும் பங்கிட்டுக்கொள்ளும் ஆழ்கடல் வயல். பி.பி., காஸ்மோஸ் என்ற எண்ணெய் நிறுவனங்கள் நடத்துகின்றன. 2025இல் முதல் திரவ எரிவாயுக் கப்பல் புறப்பட்டது. கடலில் நிற்கும் எரிவாயு மேடையைச் சுற்றிப் படகு போகக் கூடாது. மீன் கூடும் தியாத்தாரா பாறைப்பாரும் அந்த எல்லைக்குள் போய்விட்டது என்பது மீனவர்களின் குறை. ஏற்கெனவே வடக்கே மொரித்தானியக் கடலுக்குள் போனால் பிரச்சினை. 2018 ஜனவரியில் அந்நாட்டுக் கடலோரக் காவலர் சுட்டதில் கெத் ந்தார் இளைஞர் ஒருவர் இறந்து ஊரே கொதித்தது. வெளிநாட்டுப் பெரிய கப்பல்கள் வேறு. வலை காலியாக வரவர, அதே மரப்படகில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்குக் கிளம்புகிறவர்கள் கூடுகிறார்கள். திரும்பி வராத பிள்ளையைப் பற்றி அங்கே பல வீட்டில் பேச்சு எழாது, புகைப்படம் மட்டும் சுவரில் இருக்கும்.

சாப்பாடு எப்படி?

செபு ஜென்! மீன் சோறு என்று அர்த்தம். செனகலின் தேசிய உணவு, பிறந்தது இந்த ஊரில். பெந்தா ம்பாய் என்ற சமையல்காரப் பெண்மணி முதலில் செய்ததாகச் சொல்கிறார்கள். அவர் பெயரே இந்த உணவுக்குச் செல்லப் பெயர். 2021இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அரிசி எது தெரியுமா? நொய். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து மலிவான நொய்யை இறக்கினார்கள். அதிலேயே நாக்கு பழகி, இப்போது முழு அரிசியைவிட நொய்தான் ருசி என்கிறார்கள். மீனைக் கீறி உள்ளே பார்ஸ்லி, பூண்டு, மிளகாய் இடித்துத் திணித்து, கடலை எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். அதே எண்ணெயில் தக்காளி விழுது, தண்ணீர், மரவள்ளி, கேரட், கோஸ், கத்தரிக்காய். வாசனைக்குக் கருவாடும் புளிக்க வைத்த கடல்நத்தையும். காய் வெந்ததும் எடுத்துவிட்டு அந்தக் குழம்பிலேயே நொய்யை வேக வைப்பார்கள். பக்கத்தில் புளி, எலுமிச்சை. கடைசியில் சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாக வைப்பார்கள், அதற்குத்தான் போட்டி.

பெரிய தட்டு ஒன்று, சுற்றி எல்லோரும். உங்கள் முன்னால் இருக்கும் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா நடுவிலிருக்கும் மீனைப் பிய்த்து உங்கள் பக்கம் போட்டுக்கொண்டே இருப்பார். போதும் என்றால் கேட்கமாட்டார். அப்புறம் மூன்று சுற்று புதினா டீ. முதல் சுற்று கசக்கும், மூன்றாவது இனிக்கும்.

ஆற்றுக்கு ஒரு தெய்வம் உண்டாமே?

மாம் கும்பா பாங். மாம் என்றால் பாட்டி. ஆற்றின் காவல் ஆவி, ஊருக்குத் தாய். குழந்தை பிறந்தால், தேர்வு வந்தால், படகு புதிதாக இறங்கினால் தயிரும் கூழும் ஆற்றில் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐந்து வேளை தொழுகிற வீட்டிலும் இது நடக்கும்.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல குளுமை, வடக்கே ஜூஜ் சரணாலயத்தில் கூழைக்கடாக் கூட்டத்தையும் பார்க்கலாம். ஜாஸ் விழா பிடிக்கும் என்றால் மே மாதம் வாக்கில். எப்போது போனாலும் மாலைத் தொழுகை நேரத்துக்குப் பின் தீவில் நடங்கள். நல்ல உடை உடுத்தி உலாத்துவது அந்த ஊரின் பழைய வழக்கம்.

ஊர் கடலுக்குள் போய்விடுமா?

ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. 2017, 2018இல் கடல் கொந்தளிப்பு கெத் ந்தாரின் கடலோர வரிசை வீடுகளை இடித்தது. மணல்திட்டில் 3,000க்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தும் திட்டம் வந்தது, உள்ளே தள்ளி ஜுகோப்பில் முதலில் கூடாரங்கள், பிறகு வீடுகள். 2018 பிப்ரவரியில் பிரான்சின் அதிபர் வந்து பார்த்து நிதி அறிவித்தார். இப்போது கரை நெடுகக் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தீவைக் காப்பாற்ற அது உதவும். ஆனால் படகை இழுத்து ஏற்ற மணல் வேண்டுமே, கல்லில் எப்படி ஏற்றுவது? அதனால் படகுகள் ஆற்றுப் பக்கம் போய்விட்டன.

ஜுகோப்பிலிருந்து கடல் பல கிலோமீட்டர். அங்கே மாற்றப்பட்ட ஒரு மீனவரோடு விடியற்காலை மூன்று மணிக்குச் சாலையில் நின்றேன். வலையைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார். படகு கிளம்பும் நேரத்துக்குள் கெத் ந்தார் போய்ச் சேர ஏதாவது வண்டி கிடைக்குமா என்று இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்பு படுக்கையிலிருந்தே அலைச் சத்தத்தைக் கேட்டு இன்று போகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்வாராம். இப்போது மகனுக்குப் போன் போட்டுக் கேட்கிறார். அன்றைக்கு மகன் 'வா' என்றான், ஒரு குதிரை வண்டியும் வந்தது.